ஸ்டியரிங் முனகலின் நூறு வருஷக் கதை

பழைய இன்னோவா, குவாலிஸ் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் புனேயில் நிறைய உண்டு. பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ பாட்டி, பேரன், ஊறுகாய் ஜாடி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு சதாரா, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூர் வழியாக ஊருக்குக் கிளம்புவார்கள். கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது யாராவது ஒருவர் லிஃப்டில் பிடித்துக் கேட்பார்: "சார், காலைல ஸ்டியரிங்கைத் திருப்பினா ஊஊன்னு ஒரு சத்தம் வருது. வண்டியை எடுத்துட்டுப் போகலாமா?"

நான் மெக்கானிக் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கடன் கோப்பு புரட்டுகிறவன். ஆனால் இந்தச் சத்தத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அது தெரிந்தால், எந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதில் பாதி தெரிந்துவிடும். அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும் :-)

கை பலம் போதாமல் இயந்திரத்தின் பலத்தைக் கடன் வாங்கித் திருப்புவது காருக்கு முன்னால் கப்பலில் வந்தது. 1866ல் 'கிரேட் ஈஸ்டர்ன்' என்ற ராட்சசக் கப்பலுக்கு ஜான் மக்ஃபார்லேன் கிரே என்பவர் நீராவியால் சுக்கானைத் திருப்பும் இயந்திரம் அமைத்தார். மாலுமி சக்கரத்தை எவ்வளவு திருப்புகிறாரோ அவ்வளவுதான் சுக்கான் திரும்பும், பிறகு தானே நின்றுவிடும். அந்த "அவ்வளவுதான்" என்பதில்தான் சூட்சுமம் முழுதும்.

காருக்கு வருவோம். அமெரிக்காவில் பஃபலோ நகரத்தில் பியர்ஸ்-ஆரோ என்று ஒரு கம்பெனி, பணக்காரர்களுக்குக் காரும், கூடவே லாரியும் செய்துகொண்டிருந்தது. அதன் லாரிப் பிரிவில் இருந்த இன்ஜினியர் பிரான்சிஸ் டேவிஸ். லோடு ஏற்றிய லாரியைத் திருப்ப டிரைவர்கள் படும் பாட்டைத் தினமும் பார்த்தவர். 1920களில் வேலையை விட்டுவிட்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வால்தம் என்ற ஊரில் ஒரு சிறு பட்டறை போட்டார். துணைக்கு ஜார்ஜ் ஜெஸப் என்ற கைதேர்ந்த டூல்மேக்கர். (நல்ல வேலையை விட்டுவிட்டுப் பட்டறை போடுகிறேன் என்று எவரேனும் கடன் கேட்டு வந்தால் நாங்கள் முதலில் ஜாமீனுக்கு யார் என்றுதான் கேட்போம்!)

எண்ணெய் அழுத்தத்தால் வேலை வாங்குவது அன்றைக்குப் புதிதல்ல. தொழிற்சாலைகளில் ஹைட்ராலிக் பிரஸ் இருந்தது. வழக்கமான முறை என்னவென்றால், எண்ணெயை உயர் அழுத்தத்தில் ஒரு கலத்தில் அடைத்து வைத்துக்கொள்வது. வால்வு மூடியே இருக்கும். வேலை வரும்போது திறப்பார்கள். ஆனால் எப்போதும் உயர் அழுத்தம் என்றால் ஒவ்வொரு இணைப்பிலும் கசிவு. தொழிற்சாலையில் அடியில் தட்டு வைத்துச் சமாளிக்கலாம், ஓடுகிற வண்டியில் முடியுமா?

டேவிஸ் அதைத் தலைகீழாக்கினார். வால்வு எப்போதும் திறந்தே இருக்கட்டும் என்றார். இன்ஜின் ஓடும்வரை பம்ப் ஓடும். எண்ணெய் பம்பிலிருந்து வால்வுக்கு வந்து, அப்படியே தொட்டிக்குத் திரும்பும். சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், அழுத்தம் மிகக் குறைவு. டிரைவர் ஸ்டியரிங்கைத் திருப்பினால் மட்டும் வால்வின் ஒரு பக்கம் கொஞ்சம் மூடும். வழி அடைபட்ட எண்ணெயில் அழுத்தம் ஏறும், அது பிஸ்டனைத் தள்ளும், சக்கரம் திரும்பும். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் பீய்ச்சி அடிக்கிறதே, அதே கதைதான். விரலை எடுத்தால் பழையபடி சாதுவாக ஓடும்.

கசிவுப் பிரச்னை இதனால் ஏறக்குறைய தீர்ந்தது. அதற்குக் கொடுத்த விலை, பம்ப் ஓய்வில்லாமல் சுழல வேண்டும் என்பது. நேர் ரோட்டில் நூறு கிலோமீட்டர் திருப்பாமல் போனாலும் அது சுழன்றுகொண்டேதான் இருக்கும், எண்ணெய் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். இன்றைக்கு உங்கள் வண்டியில் கேட்கும் முனகலுக்கு விதை போட்டது இந்த ஏற்பாடுதான்.

1926ல் டேவிஸ் தன் கருவியை ஒரு பியர்ஸ்-ஆரோ காரில் பொருத்தி டெட்ராய்ட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்க் காட்டினார். ஜெனரல் மோட்டார்ஸ் மயங்கி ஒப்பந்தம் போட்டது. சில வருஷம் சோதனைகள் நடந்தன. கேடிலாக் காரில் வரப்போகிறது என்ற நிலையில் பெருமந்தம் வந்து எல்லோரையும் அடித்துப் போட்டது. விற்கப்போகும் சொற்பக் கார்களுக்காக அச்சும் கருவியும் செய்யும் செலவு கட்டுப்படியாகாது என்று கணக்குப் போட்டு, 1934ல் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார்கள்.

இதை முட்டாள்தனம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பொருள் நல்லது என்பது வேறு, அதற்குப் போட்ட முதல் எத்தனை வண்டியில் திரும்பி வரும் என்பது வேறு. 1934ல் அந்தக் கோப்பு என் மேஜைக்கு வந்திருந்தால் நானும் "பரிந்துரைக்கவில்லை" என்றுதான் எழுதியிருப்பேன்.

டேவிஸ் 1936ல் பெண்டிக்ஸ் கம்பெனியுடன் சேர்ந்தார். போர் வந்ததும் கனமான கவச வண்டிகளுக்கு இந்த ஸ்டியரிங் தேவைப்பட்டது. ஆயிரக்கணக்கில் பொருத்தினார்கள். பிறகுதான் வேடிக்கை. அமெரிக்காவில் அப்போது காப்புரிமையின் ஆயுள் 17 வருஷம். டேவிஸின் ஆரம்பக் காப்புரிமைகள் காலாவதியானதும் கிரைஸ்லர் கம்பெனி அந்த அடிப்படையிலேயே செய்து, 1951ல் இம்பீரியல் காரில் 'ஹைட்ராகைடு' என்று பெயர் வைத்து இறக்கியது. விற்பனைக்கு வந்த பயணிகள் காரில் இதுதான் முதல் பவர் ஸ்டியரிங். அதைப் பார்த்துப் பதறிப்போன ஜெனரல் மோட்டார்ஸ் திரும்பவும் டேவிஸிடமே வந்தது. 1952ல் கேடிலாக்கிலும் வந்துவிட்டது. கால் நூற்றாண்டு அலமாரியில் கிடந்த சரக்கு ஒரே வருஷத்தில் அவசரமாகிவிட்டது.

மினிவேன் பிறந்த கதையிலும் கிரைஸ்லர்தான். அதில் எங்கள் துறைக்காரர்களுக்குப் பிடித்த ஒரு பகுதி உண்டு. 1979ல் கிரைஸ்லர் திவாலின் விளிம்பில் நின்றது. 150 கோடி டாலர் வரையான கடனுக்கு அரசு உத்தரவாதம் தர அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமே போட்டது. லீ அயகோக்கா தலைமையில் கம்பெனி நிமிர்ந்து, கடனைக் கெடுவுக்கு ஏழு வருஷம் முன்பாக 1983லேயே அடைத்தது. (இப்படி ஒரு வாடிக்கையாளர் வாழ்நாளில் ஒருமுறை கிடைத்தால் போதும்.) அதே வருஷம் நவம்பரில், கனடாவின் விண்ட்சர் ஆலையில், 1984 மாடலாக டாட்ஜ் கேரவன், பிளிமத் வாயேஜர் வேன்கள் தயாராகத் தொடங்கின. அந்த யோசனையோடு வந்தவர் ஹால் ஸ்பெர்லிக். அவர் முன்பு ஃபோர்டில் இருந்தபோது இதைப் போன்ற ஒன்றைச் சொல்லி, இரண்டாம் ஹென்றி ஃபோர்டு வேண்டாமென்று தள்ளியிருந்தார்.

இந்த வேன்களில் இன்ஜின் முன்னால், குறுக்காகப் படுத்திருக்கும். முன் சக்கரங்களே வண்டியை இழுக்கும், திரும்பவும் செய்யும். அதனால் பாரத்தில் பெரும்பகுதி முன் அச்சில். நின்ற இடத்தில் இதைக் கைபலத்தால் மட்டும் திருப்பிப் பார்க்கிங்கில் நுழைப்பது, பள்ளிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவிடும் ஒரு தாய்க்கோ தாத்தாவுக்கோ ஆகிற காரியம் இல்லை. பவர் ஸ்டியரிங் இங்கே ஆடம்பரம் அல்ல. ஆனால் குட்டை மூக்குக்குள் இன்ஜின், ஏசி, ஆல்டர்னேட்டர், ஸ்டியரிங் பம்ப் எல்லாம் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். வெக்கையில் எண்ணெய் கருகும், ரப்பர் இறுகும். சத்தத்துக்கு எல்லா முகூர்த்தமும் கூடி வருகிறது.

அந்த "ஊஊ" எப்படி உண்டாகிறது? இதற்கு மறுபடியும் கப்பலுக்குத்தான் போக வேண்டும். 1890களில் பிரிட்டனின் 'டேரிங்' போர்க்கப்பலில் புரொப்பெல்லரை வேகமாகச் சுற்றியும் எதிர்பார்த்த வேகம் வரவில்லை. தண்ணீரில் அழுத்தம் மிகவும் இறங்கும் இடங்களில் குமிழ்கள் உண்டாகி, புரொப்பெல்லர் அந்த வெற்றிடத்தையே அளைந்துகொண்டிருந்தது. இதற்கு 'கேவிடேஷன்' என்று பெயர் வைத்தார்கள், குழிவது என்ற பொருளில். நீராவி டர்பைன் கண்டுபிடித்த சார்லஸ் பார்சன்ஸ் தன் 'டர்பினியா' படகிலும் இதே வம்பில் மாட்டினார். 1895ல் கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு தொட்டி செய்து, குமிழ்களைக் கண்ணால் பார்த்துத் தீர்வு தேடினார். 1917ல் ரேலி பிரபு, அந்தக் குமிழ் நசுங்கும்போது அந்தப் புள்ளியில் எவ்வளவு பயங்கரமான அழுத்தம் எழும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். பித்தளைப் புரொப்பெல்லரை அரித்துத் தின்றது அதுதான்.

உங்கள் பம்பிலும் இதேதான், சின்ன அளவில். பம்ப் ஒரு பக்கம் எண்ணெயை உறிஞ்சுகிறது, மறுபக்கம் தள்ளுகிறது. ஸ்டியரிங்கைக் கடைசி வரை திருப்பினால் தள்ளும் பக்கத்தில் சதுர அங்குலத்துக்கு 1,000 பவுண்டுக்கும் மேல் அழுத்தம் வரும் (டயரில் நாம் அடிப்பது 30 சொச்சம்தான்). உறிஞ்சும் பக்கத்திலோ வெளிக்காற்றைவிடக் குறைவு. எண்ணெய் குறைந்திருந்தாலும், தொட்டிக்குள் இருக்கும் சல்லடை அடைத்திருந்தாலும், குளிரில் எண்ணெய் கெட்டியாகி வேகமாக வராவிட்டாலும் பம்ப் பட்டினி கிடக்கும், குமிழ் உண்டாகும், முனகும். காலையில் அதிகமாகவும், சூடானதும் குறைவாகவும் கேட்பதற்கு இதுதான் காரணம்.

வெளிக்காற்று உள்ளே புகுந்தாலும் அதே முனகல்தான். இதற்கு அமெரிக்காவில் ஓடும் ஹோண்டா ஒடிசி மினிவேன் நல்ல உதாரணம். அதில் பம்பின் உறிஞ்சு வாயில் ஒரு சிறு ரப்பர் வளையம், ஓ-ரிங் என்பார்களே அது. வருஷங்கள் ஆக ஆக வெப்பத்தில் இறுகிவிடும். பம்ப் ஓடும்போது அந்தப் பக்கத்தில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு என்பதால் எண்ணெய் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். தரையில் ஒரு துளி கூட இருக்காது, வண்டி மட்டும் முனகிக்கொண்டிருக்கும். பம்பையே மாற்றியவர்கள் பலர். பழைய வளையத்தையே திரும்பப் போட்டால் புதுப் பம்பும் முனகும். கடைசியில் ஹோண்டாவே, வளையத்தை மாற்றுங்கள் என்று டீலர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது.

இங்கேயும் அப்படித்தான். எங்கள் குடியிருப்பில் ஒரு நண்பரின் வண்டிக்கு, ஒரு பட்டறையில் பார்த்த மாத்திரத்தில் "ரேக் போயிடுச்சு, அசெம்பிளி மாத்தணும்" என்று பல ஆயிரத்துக்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்ததாகவே தெரியவில்லை. அவர் வேறு இடத்தில் காட்டினார். தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் ரப்பர் ஹோஸில் கிளாம்ப் தளர்ந்திருந்தது. கிளாம்பையும் எண்ணெயையும் மாற்றியதும் சத்தம் நின்றது, சில நூறு ரூபாயோடு போயிற்று.

ஆகவே முதலில் காது, பிறகு கண், பர்ஸ் கடைசியில். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஏறும் முனகல் என்றால் பம்புக்கு எண்ணெய் போதவில்லை அல்லது காற்று நுழைகிறது. மழையிலோ காலையிலோ திருப்பும்போது மட்டும் "கீச்" என்றால் பெல்ட் வழுக்குகிறது. (சில டீசல் இன்ஜின்களில் பம்புக்குப் பெல்ட்டே கிடையாது, பல்சக்கரம்தான். உங்கள் வண்டியில் எது என்று முதலில் பாருங்கள்.) கடைசி வரை திருப்பிப் பிடிக்கும்போது "ஸ்ஸ்" என்று சீறினால் நோய் இல்லை. அழுத்தம் எல்லை தாண்டாமல் ரிலீஃப் வால்வு எண்ணெயை வெளியேற்றுகிறது. அப்படியே ஐந்து வினாடிக்கு மேல் பிடிக்காதீர்கள், எண்ணெய் சுட்டுவிடும். மேடு பள்ளத்தில் "கடகட" என்றால் எண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டை ராடு, ரேக் புஷ், ஸ்டியரிங் தண்டின் மூட்டு இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். அதைத் தள்ளிப்போடவும் கூடாது.

தொட்டியைத் திறந்து பாருங்கள். எண்ணெய் தெளிவாக இருந்தால் சரி. டபராவில் ஆற்றிய காபி மாதிரி நுரைத்திருந்தால் காற்று. கருத்து, கருகின வாடை அடித்தால் மாற்றும் காலம் தாண்டிவிட்டது. பெரிய சிரிஞ்சால் தொட்டியில் இருப்பதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிது ஊற்றி, கொஞ்சம் ஓட்டிவிட்டு மறுபடி எடுத்து ஊற்றி, மூன்று நான்கு முறை செய்தால் பெரும்பாலும் புதிதாகிவிடும். எந்த எண்ணெய் என்பதை மூடியையோ கையேட்டையோ பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். டொயோட்டாவின் பழைய வண்டிகள் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயையே கேட்கும். ஹோண்டாவுக்குத் தனி எண்ணெய், மற்றதை ஊற்றினால் சீல்கள் கெடும். "ஒரு பாட்டில் ஊத்தினா லீக் நின்னுடும்" என்று விற்கிற சரக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. ரப்பரை உப்பவைத்து மாதக்கணக்கில் நாளைக் கடத்துவதுதான் அது செய்வது. எங்கள் பாஷையில் வராக்கடனைப் புதுக்கடன் கொடுத்து மறைப்பது போல.

காற்றை வெளியேற்ற முன் சக்கரங்களை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்த வேண்டும் (ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள்). இன்ஜினைப் போடாமல், சாவியைத் திருப்பிப் பூட்டை மட்டும் விடுவித்து, ஸ்டியரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்குமாக மெதுவாக இருபது முறை திருப்புங்கள். நடுவில் எண்ணெய் இறங்கினால் நிரப்புங்கள். பிறகு இன்ஜினைப் போட்டு இன்னும் சில முறை. அவசரப்பட்டு முதலிலேயே இன்ஜினைப் போட்டால் பம்ப் அந்தக் காற்றை அடித்து நுரையாக்கிவிடும், அது அடங்க மணிக்கணக்கில் ஆகும்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று. பம்ப் ஓடுவது இன்ஜின் தயவில். இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டுகிற பழக்கம் நம் வாடகை வண்டிக்காரர்களிடம் இன்னமும் இருக்கிறது. கம்பாட்கி காட் இறக்கத்திலோ தொப்பூர் கணவாயிலோ அப்படி அணைத்தால் ஸ்டியரிங் அடுத்த வளைவில் கல்லாகிவிடும், பிரேக்குக்கான துணையும் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும். சாவியை முழுக்கத் திருப்பி எடுத்துவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். டிரைவர் வைத்துப் போகிறவர்கள் கிளம்பும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். ஓட்டத்தில் பெல்ட் அறுந்தாலும் கனக்கும், ஆனால் சக்கரத்துக்கும் கைக்கும் இடையிலான இரும்புத் தொடர்பு அப்படியேதான் இருக்கும். இரண்டு கையாலும் பலமாகப் பிடித்து, மெதுவாக ஓரம் கட்டலாம். வீட்டில் ஓட்டுகிற எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

நம் நாட்டுக்கு இது எப்போது வந்தது என்று கேட்கலாம். 1984ல் வந்த மாருதி வேனுக்கு (ஆம்னி என்று பிறகு பெயர் மாறியது) இது தேவைப்படவில்லை. சின்ன இன்ஜின், ஒல்லி டயர். லாரி, பஸ் பக்கம் தேவை இருந்தது. 1929ல் மெட்ராஸில் தொடங்கிய ரானே குழுமம் அமெரிக்காவின் டி.ஆர்.டபிள்யூ. கம்பெனியோடு சேர்ந்து, திருச்சிக்குப் பக்கத்தில் விராலிமலையில் ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங் செய்தது. மயிலுக்கும் முருகனுக்கும் பேர்போன ஊரில் டேவிஸின் திறந்த வால்வு! வடக்கே மாருதியை நம்பி வளர்ந்த சோனா ஸ்டியரிங், ஜப்பானின் கோயோவோடு கூட்டு வைத்தது. 2000ல் குவாலிஸ், 2005ல் இன்னோவா என்று டொயோட்டா வந்தபோதுதான் நடுத்தரக் குடும்பமும் வாடகை வண்டிக்காரர்களும் பெரிய வேனை ஒரு விரலால் திருப்பிப் பழகினார்கள்.

அந்தக் கோயோதான் ஹைட்ராலிக்குக்கு மாற்றையும் செய்தது. 1988ல் சுசுகி செர்வோ என்ற குட்டிக் காரில், எண்ணெயே இல்லாமல் மின் மோட்டாரால் உதவும் ஸ்டியரிங்கைக் கொண்டுவந்தார்கள். திருப்பும்போது மட்டும் மோட்டார் வேலை செய்யும், மற்ற நேரம் சும்மா இருக்கும். சும்மா சுற்றும் பம்புக்குச் செலவாகிற எரிபொருள் மிச்சம். கனமான வண்டிக்கு அந்த மோட்டாரின் பலம் போதாது என்பதால் சின்னக் கார்களில்தான் முதலில் பரவியது. 2016ல் வந்த இன்னோவா கிரிஸ்டா வரைக்கும் எண்ணெய்தான். 2022ல் அறிமுகமான ஹைகிராஸில்தான் மின் ஸ்டியரிங். அதன் பானட்டைத் திறந்து ஸ்டியரிங் எண்ணெய்த் தொட்டியைத் தேடினால் கிடைக்காது. இல்லாத எண்ணெயை மாற்றியதாக யாராவது பில் போட்டால் மட்டும் எனக்குச் சொல்லுங்கள் :-)